கொத்தமல்லி விதை போட்ட ஆரஞ்சு பீர் கப்கேக்

ஆரஞ்சு கப்கேக்குக்கு எந்த பீரை ஊற்றினாலும் ஒத்துவரும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வீட்டில் கிடந்த ஸ்ட்ராங் பீரை ஊற்றினால், கடைசியில் மிஞ்சுவது ஒரு புளித்த நெடியும் அடிநாக்கில் ஒட்டும் கசப்பும்தான். பீருக்குக் கசப்பு தருவது ஹாப்ஸ் என்னும் பூ. அந்தக் கசப்பு ஓவன் சூட்டில் ஆவியாகிப் போகாது. தண்ணீரும் மணமும் பறந்துவிடும், கசப்பு அப்படியே தங்கும். பீரைக் காய்ச்சிச் சுண்டவைத்து ஊற்றச் சொல்லும் செய்முறைகளை நான் சீண்டாததற்கும் அதுவே காரணம்.

இதற்கென்றே பிறந்த ஒரு பீர் இருக்கிறது: பெல்ஜிய பாணி வெள்ளை பீர், விட்பியர் என்பார்கள். கோதுமை சேர்த்து, ஆரஞ்சுத் தோலும் கொத்தமல்லி விதையும் போட்டுக் காய்ச்சுவது. பெல்ஜியத்தின் ஹூகார்டன் ஊரில் இதைக் காய்ச்சிய கடைசி ஆலை 1950களில் மூடப்பட்டது. அந்த ஊர்ப் பால்காரர் பியேர் செலிஸ் 1966-இல் மறுபடி காய்ச்சத் தொடங்கினார். அந்த ஊரின் பெயரிலேயே இன்று பெங்களூர்க் கடைகளிலும் அது கிடைக்கிறது. கசப்பை அளக்கும் ஐ.பி.யூ. கணக்கில் விட்பியர் பெரும்பாலும் 20-க்குள் நின்றுவிடும், ஹாப்ஸ் தூக்கலான ஐ.பி.ஏ. என்னும் பீர் வகை 40-க்கு மேல் போகும். ஜெர்மானிய கோதுமை பீரும் கசக்காது, ஆனால் வாழைப்பழமும் கிராம்பும் கலந்த வாசனை அடிக்கும். வாழைப்பழ கேக்குக்கு அது பிரமாதம், ஆரஞ்சோடு சண்டை போடும். ஸ்டவுட் என்னும் கறுப்பு பீரை சாக்லேட் கேக்குக்கு விட்டுவிடலாம்.

பன்னிரண்டு கப்கேக்குக்குத் தேவையானவை: மைதா 190 கிராம், சர்க்கரை 160 கிராம், உப்பில்லாத வெண்ணெய் 115 கிராம், முட்டை இரண்டு, பீர் 120 மில்லி, பேக்கிங் பவுடர் ஒன்றரைத் தேக்கரண்டி, சமையல் சோடா கால் தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை, ஆரஞ்சு இரண்டு, எலுமிச்சை ஒன்று, கொத்தமல்லி விதை ஒரு தேக்கரண்டி. பீருக்கு லேசான புளிப்புதான் உண்டு. அதனால் சோடா கால் தேக்கரண்டியைத் தாண்ட வேண்டாம். அதிகம் போட்டால் சோப்பு வாடை வரும்.

பீரை முதலில் திறந்துவிடுங்கள். அகலமான பாத்திரத்தில் ஊற்றி, கரண்டியால் கலக்கி, நுரை அடங்கும் வரை வெளியே வையுங்கள். நுரையோடு அளந்தால் 120 மில்லி என்று நினைத்தது எண்பதுதான் இருக்கும். பாட்டிலின் அடியில் மங்கலாக ஒரு வண்டல் படிந்திருக்கும். அது ஈஸ்ட். கடைசிக் கால் பங்கை ஊற்றும் முன் பாட்டிலைச் சுழற்றி அதையும் சேர்த்து ஊற்றிவிடுங்கள், ருசியில் பாதி அங்கேதான் இருக்கிறது. கேக்கை உப்பவைக்க அதற்கு நேரம் கிடைக்காது. அந்த வேலை பேக்கிங் பவுடருடையது. வெண்ணெய், முட்டை, பீர் மூன்றும் குளிர்ச்சி நீங்கியிருக்க வேண்டும். பிரிட்ஜிலிருந்து எடுத்ததும் ஊற்றினால் வெண்ணெய் திரிந்துபோகும்.

இனி தோல். சாறு இனிப்பையும் புளிப்பையும் தரும். மணம் முழுவதும் மேல்தோலின் எண்ணெயில் இருக்கிறது. நாகப்பூர் கமலா ஆரஞ்சு தின்ன அருமையானது, துருவ உதவாது. தொளதொளத்த அதன் தோல் துருவியில் அகப்பட்டுக் கிழியும். தோல் சதையோடு இறுகிய ரகமாகப் பார்த்து வாங்குங்கள். பளபளவென்று மினுக்கும் பழமென்றால் மெழுகு பூசியிருப்பார்கள், வெந்நீரில் தேய்த்துக் கழுவுங்கள். ஆரஞ்சு நிறம் போய் வெள்ளை தெரிந்ததும் பழத்தைத் திருப்பிவிட வேண்டும், வெள்ளைப் பகுதி கசக்கும். எலுமிச்சைத் தோலையும் இப்படியே துருவுங்கள். நாரத்தங்காய் கிடைக்கிற பருவமென்றால் எலுமிச்சையை விட்டு, பாதி நாரத்தங்காயின் பச்சைத் தோலைப் போடுவேன். பெல்ஜியக்காரர்கள் பீரில் போடுவது குராசோ தீவின் பெயரால் அழைக்கப்படும் கசப்பு ஆரஞ்சின் தோல். நம் ஊர்ச் சந்தையில் அதற்குக் கிட்டத்தில் வருவது நாரத்தைதான் என்பது என் மூக்கின் தீர்ப்பு.

கொத்தமல்லி விதையை வறுக்கவே கூடாது. வறுபட்ட மல்லி, தமிழ் மூக்குக்கு உடனே சாம்பார்ப் பொடி. பச்சை விதையை அம்மியிலோ சிறு உரலிலோ நசுக்கி முகர்ந்து பாருங்கள், எலுமிச்சையின் சாயல் தெரியும். நைசாக இடித்து, சலித்து, உமியை எறிந்துவிடுங்கள்.

துருவிய தோலையும் மல்லிப் பொடியையும் சர்க்கரையில் கொட்டி, விரல் நுனியால் இரண்டு மூன்று நிமிடம் தேயுங்கள். சர்க்கரை ஈர மணலாகி லேசாக மஞ்சளிக்கும், அறை முழுவதும் வாசனை பரவும். இந்த வேலையை மிக்சியிடம் விடாதீர்கள். அதன் பிறகு வெண்ணெயைச் சேர்த்து, வெளுத்து இலேசாகும் வரை அடிக்க வேண்டும். முட்டைகளை ஒவ்வொன்றாக உடைத்து ஊற்றி அடியுங்கள். மைதா, பேக்கிங் பவுடர், சோடா, உப்பு ஆகியவற்றைச் சேர்த்துச் சலித்து மூன்று பங்காக்கி, பீரை இரண்டு பங்காக்கி, மாவில் தொடங்கி மாவில் முடியும்படி மாற்றி மாற்றிச் சேர்க்கவும். வெள்ளை மறைந்ததும் கரண்டியைக் கீழே வைத்துவிடுங்கள். அதற்கு மேல் கிண்டினால் கேக் ரப்பராகும்.

ஓ.டி.ஜி. என்னும் சிறிய மின் ஓவனை 175 டிகிரிக்கு முன்கூட்டியே சூடாக்கி, காகிதக் கிண்ணங்களில் மூன்றில் இரண்டு பங்கு மாவு நிரப்பி, நடுத்தட்டில் 18 முதல் 20 நிமிடம். ஈர்க்குச்சி சுத்தமாக வெளிவந்தால் எடுத்துவிடலாம்.

மேலே வெண்ணெய் கிரீம் குவிப்பது என் வழக்கமில்லை. 120 கிராம் ஐசிங் சர்க்கரையில் ஒரு மேசைக்கரண்டி பீரும் ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறும் விட்டுக் குழைத்து, நன்றாக ஆறிய கேக்கின் தலையில் வழியவிடுவேன். சூடு மிச்சமிருந்தால் உருகி ஓடிவிடும்.

ஓவனில் ஆல்கஹால் முழுவதும் போய்விடும் என்பது தவறான நம்பிக்கை. அமெரிக்க வேளாண் துறையின் அட்டவணைப்படி, மாவில் கலந்து 15 நிமிடம் சமைத்தால் சுமார் 40 சதவீதம் தங்குகிறது. 120 மில்லி பீரில் உள்ள ஆல்கஹால் 6 மில்லி அளவுதான். பன்னிரண்டாகப் பிரித்தால் ஒரு கேக்கில் சொற்பமே. ஆனால் மேல்பூச்சில் ஊற்றிய பீர் சூட்டையே காணாதது. ஆகவே குழந்தைகளுக்கோ மது தொடாதவர்களுக்கோ சொல்லாமல் கொடுப்பது நியாயமில்லை. என் மாமியாருக்கு பீருக்குப் பதில் அதே அளவு புளித்த மோர் ஊற்றித் தனியாகச் சுடுகிறேன், மேல்பூச்சுக்கு எலுமிச்சைச் சாறு மட்டும். மல்லியும் ஆரஞ்சும் அதிலும் குறைவில்லை.

காற்றுப் புகாத டப்பாவில் இரண்டு நாள் வெளியே இருக்கும், மறுநாள் மணம் இன்னும் ஊறியிருக்கும். பிரிட்ஜில் வைத்தால் வெண்ணெய் இறுகிக் கட்டியாகிவிடும். பாட்டிலில் மிஞ்சிய பீரைக் குடிப்பவர் வீட்டில் இல்லையென்றால், வெங்காய பஜ்ஜி மாவில் தண்ணீருக்குப் பதிலாக ஊற்றுங்கள், பஜ்ஜி நன்றாக மொறுமொறுக்கும்.