டயாலிசிஸ் வார்டில் மனச்சோர்வை அளக்கும் முறை

மனச்சோர்வை அளக்கும் ஒன்பது கேள்விகள் கொண்ட பி.எச்.க்யூ-9 படிவத்தோடு ஆய்வுக்குப் போகும் செவிலியர் முதலில் நேரம் பார்க்க வேண்டும். 4 மணி நேர டயாலிசிஸில் இரண்டாவது மணி தோதானது. கடைசி மணியில் ரத்த அழுத்தம் இறங்கும், கால் தசை இழுக்கும். எதைக் கேட்டாலும் "ஆமா" என்றுதான் வரும்.

சம்மதத்தை ஊசி குத்தும் செவிலியரே வாங்கக் கூடாது. அவரிடம் மாட்டேன் என்று சொல்ல யாருக்குத் துணிச்சல் வரும்? கைநாட்டு வைப்பவருக்கு, ஆய்வில் சம்பந்தப்படாத ஒரு சாட்சி அவசியம். துணைக்கு வந்தவரை டீ குடித்துவரச் சொல்லுங்கள். மகன் பக்கத்தில் இருந்தால் "எனக்கென்னம்மா குறை" என்பார்கள்.

படிவத்தில் வரும் "கடந்த இரண்டு வாரம்" என்பது பலருக்குப் பிடிபடாது. வாரம் 3 முறை வருபவரிடம் "போன 6 டயாலிசிஸா எப்படி இருக்கு?" என்று கேளுங்கள்.

ஒவ்வொரு கேள்விக்கும் 0 முதல் 3, மொத்தம் 27. பொதுவாக 10-ம் அதற்கு மேலும் கவனிக்க வேண்டியவை. ஆனால் தூக்கம், அசதி, பசி பற்றிய கேள்விகளில் சிறுநீரக நோயே மதிப்பெண்ணை ஏற்றிவிடும். அதனால் கூட்டுத்தொகையோடு நிறுத்தாமல் ஒவ்வொரு விடையையும் தனித்தனியே பதியுங்கள்.

9-வது கேள்வி சாகும் எண்ணம் பற்றியது. அதில் 1 வந்தாலும், நோயாளி வீட்டுக்குக் கிளம்பும் முன் மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். இப்படிச் சொல்வோம் என்பதைச் சம்மதப் படிவத்திலேயே எழுதிவிடுங்கள்.