மதுரையிலிருந்து கொச்சிக்குக் காரில் போகிறீர்களா?

கொச்சியில் கருத்தரங்கு, தம்பதியாகக் காரிலேயே போகலாம் என்றால் தேனி, போடி, மூணாறு வழியாகப் போகும் தேசிய நெடுஞ்சாலை 85 அருமையான பாதை. ஆனால் கருத்தரங்குக்கு முந்தைய நாள் விடியற்காலையிலேயே மதுரையை விட்டுக் கிளம்பிவிடுங்கள். போடிமெட்டு ஏற்றத்தில் 17 கொண்டை ஊசி வளைவுகள். பனிமூட்டம் இறங்கிவிட்டால் எதிரே வரும் வண்டியின் விளக்கு கிட்ட வந்த பிறகுதான் தெரியும். ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகள் பின்னால் விரட்டிக்கொண்டு வரும், ஒதுங்கி வழி விடுங்கள். இறக்கத்தில் சின்ன கியர்தான். பிரேக்கையே மிதித்துக்கொண்டு இறங்கினால் சூடாகிப் பிடிக்காமல் போய்விடும். ஏறி வரும் வண்டிக்குத்தான் முன்னுரிமை.

அப்புறம், மறுநாள் மேடையில் பேசப்போகிறவர் மூணாறோடு ஸ்டீயரிங்கைத் துணையிடம் கொடுத்துவிட்டுக் கண்ணயரட்டும். மழைக்காலத்தில் மூணாறு பக்கம் மண் சரியும். அப்போது கம்பம், குமுளி வழியே போங்கள்.