செயின்ட் ஆண்ட்ரூஸில் ஒரு ஞாயிறு

ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸுக்குப் போகிறீர்களா? பயணத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் இருக்கட்டும். பெரிய போட்டிகள் இல்லாத ஞாயிறுகளில் ஓல்டு கோர்ஸ் என்ற பழைய கோல்ஃப் மைதானத்தில் ஆட்டம் கிடையாது. யார் வேண்டுமானாலும் உள்ளே நடக்கலாம், டிக்கெட் வேண்டாம். கடைசிக் குழிக்குப் போகும் வழியில், ஸ்வில்கன் ஓடைமேல் வளைந்து நிற்கும் சிறிய கல்பாலத்தில் ஏறி நில்லுங்கள். எத்தனை தலைமுறை ஆட்டக்காரர்கள் கடந்த கற்கள்!

ஆடவே ஆசையென்றால், பக்கத்து ஆடம்பர ஓட்டலில் அறை எடுத்தாலே இடம் உறுதி என்று நம்பிவிடாதீர்கள். இது பொது மைதானம். இரண்டு நாள் முன்னதாக நடக்கும் குலுக்கலில், குறைந்தது இருவராகச் சேர்ந்து பெயர் கொடுங்கள். உங்கள் ஆட்டத் திறனின் அளவைக் காட்டும் ஹேண்டிகேப் சான்றிதழ் கையில் இருக்கட்டும்.

மட்டை பிடித்தே அறியாதவர்களுக்கு அருகிலேயே 'ஹிமாலயாஸ்' என்ற மேடுபள்ளமான பட்டிங் திடல் இருக்கிறது; பந்தை மெல்லத் தட்டிக் குழியில் உருட்டினால் போதும். 1867-இல் தொடங்கிய பெண்கள் சங்கத்தின் இடம். குழந்தைகளை அவசியம் அழைத்துப்போங்கள்.