ஐப்பசி அடைமழைக்கு முன் வைப்பர் பிளேடைப் பாருங்கள்

டெல்டாவில் வைப்பர் கெடுவது பெரும்பாலும் மழையால் அல்ல, கோடை வெயிலால்தான். ஏழெட்டு மாதம் கண்ணாடியோடு ஒட்டிக் காய்ந்த ரப்பர் விறைத்து, ஒரு பக்கமாகவே மடிந்துவிடும். வடகிழக்குப் பருவமழையின் முதல் நாளில் 'கடகட'வென்று குதிப்பது அதனால்தான்.

ஈரத்துணியால் ரப்பர் ஓரத்தை ஒருமுறை இழுத்துத் துடையுங்கள். துணி கறுப்பாவது சகஜம். விரல் நுனிக்கு வெட்டோ பிசிறோ தட்டினால் மாற்றியே ஆகவேண்டும். ஒரே இடத்தில் கோடு விழுந்தால் மணல் அல்லது வைக்கோல் தூசி சிக்கியிருக்கும். ஒரு திட்டு மட்டும் துடைபடாவிட்டால் பிளேடைத் தாங்கும் வைப்பர் கை வளைந்திருக்கலாம், அதன் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். நாகை, வேதாரண்யம் பக்கம் உப்புக்காற்றில் ஸ்பிரிங் துருப்பிடிக்கும், அதையும் பாருங்கள்.

மாற்றும்போது வைப்பர் கையைத் தூக்கியதும் கண்ணாடிமேல் தடித்த துண்டை விரியுங்கள். பிளேடு இல்லாத வெறும் இரும்புக் கை படாரென்று விழுந்தால் கண்ணாடி விரிசல்தான். கொக்கியில் உள்ள சின்னப் பூட்டை அழுத்தி, பிளேடைக் கீழ்நோக்கித் தள்ளினால் கழலும். புதியது 'கிளிக்' என்று உட்கார வேண்டும். பல கார்களில் இரண்டு பக்கமும் ஒரே நீளம் இல்லை. அங்குலக் கணக்கில் அளந்து வாங்குங்கள்.

இரவில் வயல் சாலையில் கண்ணாடியில் அப்பும் பூச்சிகளைக் காய்ந்த வைப்பரால் தேய்க்காதீர்கள், பிசின்போல் பரவிவிடும். தண்ணீர் பீய்ச்சி ஊறவிட்ட பிறகே துடையுங்கள். மழையில் ஏசி குளிரால் கண்ணாடியின் வெளிப்பக்கம் பனித்தால் வைப்பரைப் போட்டுவிட்டு, ஏசி குளிரைக் குறையுங்கள்.