கிராம சபையிலிருந்து ஒரு செய்தி: இதழியல் மாணவர்களுக்கான செய்முறை

ஒரு கூட்டத்தைப் பற்றிச் செய்தி எழுதி வரும்படி முதலாம் ஆண்டு இதழியல் மாணவர்களிடம் சொன்னால், பெரும்பாலான தாள்கள் "இன்னார் தலைமையில் கூட்டம் நடைபெற்றது, இன்னார் முன்னிலை வகித்தார், இன்னார் வரவேற்றார்" என்று தொடங்கி, நாட்டுப்பண்ணுடன் இனிதே நிறைவுறும். பள்ளி ஆண்டுவிழா அறிக்கை எழுதிப் பழகிய கை அப்படித்தான் எழுதும். அறிக்கை நடந்ததை நடந்த வரிசையிலேயே சொல்லும். செய்தியோ வாசகருக்கு முதலில் தெரிய வேண்டியதிலிருந்து தொடங்கும். இந்த மாற்றத்தைப் பழக, தமிழ்நாட்டில் கிராம சபையை விட நல்ல பயிற்சிக்களம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

1. போவதற்கு முன்

ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களில் நடந்துவந்த கிராம சபைக் கூட்டத்துடன், பின்னர் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாள்களும் சேர்க்கப்பட்டன. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள அனைவரும் அதன் உறுப்பினர்களே என்பதால், உங்கள் சொந்த ஊராட்சியின் கூட்டத்துக்கே செல்லலாம். கூட்டப் பொருள் என்ன, சென்ற கூட்டத்தில் என்னென்ன தீர்மானங்கள் நிறைவேறின என்பதை முன்கூட்டியே கேட்டு அறிந்துகொள்ளுங்கள். கூட்டம் நடக்கக் குறைந்தது எத்தனை பேர் வர வேண்டும் என்ற குறைவெண் வரம்பையும் தெரிந்துகொண்டு போவது நல்லது. மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சியில் 50 பேரும், 3,000 வரை 100 பேரும், 10,000 வரை 200 பேரும், அதற்கு மேல் 300 பேரும் வந்திருக்க வேண்டும். தலைகளை எண்ணிப் பாருங்கள். சில நாள்களில் செய்தியே அந்த எண்ணிக்கையில்தான் இருக்கும்.

2. குறிப்பேடு

பக்கத்தின் நடுவே ஒரு கோடு போட்டு, கேட்டதை இடப்பக்கமும் கண்டதை வலப்பக்கமும் எழுதுங்கள். "தொட்டி கட்டி ஏழு மாசமாச்சு" என்று ஒருவர் சொன்னது இடப்பக்கத்துக்கு உரியது; வாசலில் ஒட்டியிருந்த வரவு செலவுக் கணக்கில் நீங்களே படித்த தொகை வலப்பக்கத்துக்கு உரியது. எழுதும்போது இடப்பக்கச் செய்தி ஒவ்வொன்றுக்கும் "என்றார்" தேவைப்படும் என்பதற்காகவே இந்தப் பிரிப்பு. பெயரின் தலைப்பெழுத்தையும் வயதையும் அங்கேயே கேட்டு எழுதிவிடுங்கள்.

3. பேசியதை எழுத்தாக்குதல்

தமிழில் செய்தி எழுதுவோர் அனைவருக்கும் உள்ள சிக்கல் இது. "மூணு மாசமா தண்ணி வரல, கேட்டா நாளைக்கு வாங்கறாங்க" என்று ஓர் அம்மா சொன்னதை எப்படி எழுதுவது? பேச்சுத் தமிழைக் கொச்சை நீக்கி எழுத வேண்டும் என்பது, 1942இல் மதுரையில் தினத்தந்தியைத் தொடங்கிய சி. பா. ஆதித்தனார் வகுத்த முறை. அதன்படி "மூன்று மாதமாகத் தண்ணீர் வரவில்லை, கேட்டால் நாளைக்கு வாருங்கள் என்கிறார்கள்" என்று எழுதலாம். ஒலிதான் மாறுகிறது, அவர் சொன்ன சொற்கள் மாறவில்லை. ஆனால் அதையே "குடிநீர் விநியோகத்தில் அதிகாரிகள் மெத்தனப் போக்கைக் கடைப்பிடிக்கின்றனர்" என்று எழுதி மேற்கோள் குறிக்குள் அடைத்தால், அந்த அம்மாவின் வாயில் உங்கள் சொற்களைத் திணிக்கிறீர்கள். சொற்கள் சரியாக நினைவில்லை என்றால் மேற்கோள் குறியை விட்டுவிட்டு அயற்கூற்றில் எழுதுங்கள்.

வினைச்சொற்களிலும் இதே கவனம் வேண்டும். "கூறினார்", "தெரிவித்தார்" ஆகிய இரண்டும் பெரும்பாலான இடங்களுக்குப் போதும். "ஒப்புக்கொண்டார்" என்று எழுதினால் அவர் மீது ஒரு தவறு இருப்பதாக நீங்களே தீர்ப்பு எழுதிவிடுகிறீர்கள். "அம்பலமானது" என்றால் யாரோ மறைத்ததாகப் பொருள்படும். "பரபரப்பு ஏற்பட்டது" என்ற தொடரை என் வகுப்பில் நான் அனுமதிப்பதே இல்லை.

4. முகப்பு

யார், என்ன, எப்போது, எங்கே, ஏன், எப்படி என்ற ஆறு கேள்விகளுக்கும் செய்தியின் முதல் பத்தியான முகப்பிலேயே விடை வர வேண்டும் என்று பாடநூல்கள் சொல்கின்றன. ஆங்கிலத்தில் எழுவாயை ஒட்டியே வினை வந்துவிடுவதால் நீளமான முகப்பும் அங்கே தாங்கும். தமிழில் வினை கடைசியில்தான் வரும். ஆறு விடைகளையும் ஒரே வாக்கியத்தில் அடுக்கினால், என்ன நடந்தது என்று தெரிவதற்கு வாசகர் முற்றுப்புள்ளி வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். ஆகவே முதல் வாக்கியத்துக்கு இரண்டு மூன்று விடைகள் போதும். மற்றவற்றை அடுத்த வாக்கியத்துக்குத் தள்ளுங்கள்.

பயிற்சிக்காக நான் கற்பனையாகக் கொடுக்கும் கூட்டம் ஒன்றின் முகப்பு இது: "18 லட்சம் ரூபாயில் கட்டப்பட்ட குடிநீர்த் தொட்டி, மின் இணைப்பு இல்லாததால் 7 மாதங்களாகப் பயன்பாட்டுக்கு வரவில்லை என்று கிராம சபைக் கூட்டத்தில் மக்கள் புகார் தெரிவித்தனர்." தலைமை வகித்தவரின் பெயர் நான்காம் பத்தியில் வந்தால் போதும்.

5. சரிபார்த்தல்

இங்கே பேனாவைக் கீழே வையுங்கள். மக்கள் சொன்னது புகார் மட்டுமே. தொட்டியை நேரில் போய்ப் பாருங்கள். ஊராட்சிச் செயலரிடம் கேளுங்கள். மின்வாரியப் பிரிவு அலுவலகத்துக்கும் செல்லுங்கள். அதே பயிற்சியில், செயலர் "மின்வாரியம்தான் தாமதிக்கிறது" என்பார். மின்வாரியமோ, விண்ணப்பமே சென்ற வாரம்தான் வந்தது என்று பதிவேட்டைக் காட்டும். இப்போது முகப்பே மாறிவிடுகிறது: "7 மாதங்களாகப் பூட்டிக் கிடக்கும் குடிநீர்த் தொட்டிக்கு, மின் இணைப்புக் கோரும் விண்ணப்பம் சென்ற வாரம்தான் அளிக்கப்பட்டுள்ளது." இதை எழுதுவதற்கு முன் செயலரிடம் மீண்டும் சென்று விளக்கம் கேளுங்கள், அவர் பதில் சொல்ல மறுத்தால் அதையும் எழுதுங்கள்.

6. அடுக்குதல்

மிக முக்கியமானது மேலேயும், விட்டாலும் பாதகமில்லாதது கீழேயும் வர வேண்டும். தலைகீழ்ப் பிரமிடு என்பது இதுதான். பக்கத்தில் இடம் போதாவிட்டால் நாளிதழின் உதவி ஆசிரியர் அடியிலிருந்துதான் வெட்டுவார். ஆகவே உங்கள் கடைசிப் பத்தியை விரலால் மறைத்துவிட்டுப் படியுங்கள். பிறகு அதற்கு முந்தையதையும் மறையுங்கள். எங்கே நிறுத்தினாலும் செய்தி முழுமையாக நிற்க வேண்டும். செயலரின் மறுப்பு கடைசிப் பத்தியில் இருந்தால், அந்த வெட்டில் அவருடைய தரப்பே காணாமல் போய்விடும். அதை இரண்டாம் அல்லது மூன்றாம் பத்திக்குக் கொண்டுவாருங்கள்.

தலைப்பைக் கடைசியில் வையுங்கள். முகப்பில் இல்லாத எதுவும் தலைப்பில் வரக் கூடாது.

செய்தியை ஒப்படைத்த பிறகும் குறிப்பேட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். விண்ணப்ப நாளையும் செயலர் தந்த உறுதியையும் தனிப் பக்கத்தில் எழுதி வைத்து, அடுத்த கிராம சபைக்கு அந்தப் பக்கத்துடன் செல்லுங்கள். கூட்டம் தொடங்குவதற்கு அரை மணி நேரம் முன்னதாகப் போனால், தொட்டிக்கடியில் உள்ள குழாயைத் திறந்து பார்த்துவிட்டு வரலாம்.