பைசன், ஃப்ளெக்ஸ் வைத்து பில்ட் செய்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"கிளீன் பண்ணிட்டு மறுபடி மேக் போட்டா சரியாயிடுது அண்ணா" என்று போன வாரம் ஒரு தம்பி சொன்னான். அதே வசனத்தை நானும் ஒரு காலத்தில் சொல்லிக்கொண்டு திரிந்தவன்தான், அதனால் சிரிப்பு வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. மேக் என்பது மேக்ஃபைலில் எழுதிய விதிகளைப் பார்த்து, மாறியதை மட்டும் மறுபடி உருவாக்கும் கருவி. கிளீன் என்றால் முன்பு உருவானதையெல்லாம் அழிப்பது. ஃப்ளெக்ஸ் நமக்கு லெக்ஸரை எழுதித் தரும், அது உள்ளீட்டை டோக்கன் என்னும் துண்டுகளாக வெட்டும். பைசன் நம் இலக்கணக் கோப்பிலிருந்து பார்சரை எழுதித் தரும், அது அந்தத் துண்டுகளைச் சேர்த்துப் புரிந்துகொள்ளும். ஜெனரேட் ஆன கோப்பில் கை வைக்காதே, செமிகோலனை மறக்காதே என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுவிடுகிறேன்.

லெக்ஸர் ஹெடரை நம்பியிருப்பதை மேக்ஃபைலில் சொல்லாமல் விடுவது

பைசன் டோக்கன் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்து, லெக்ஸரும் படிக்கும் ஹெடர் கோப்பில் எழுதிவைக்கும். நாமாக எண் கொடுக்காவிட்டால் 258-இல் தொடங்கி, அறிவித்த வரிசையில் ஏறிக்கொண்டே போகும். லெக்ஸர் பார்சருக்கு அனுப்புவது இந்த எண்ணைத்தான். பெயரெல்லாம் கம்பைல் ஆகும்வரைதான்.

நான் எழுதிய ஒரு கால்குலேட்டரில் எண், கூட்டல், கழித்தல், மீதி (வகுத்தால் மிஞ்சுவது) என்று நான்கு டோக்கன்கள், 258 முதல் 261 வரை. ஒருநாள் சும்மா இருக்காமல், அழகாக இருக்கட்டும் என்று மீதியைக் கழித்தலுக்கு மேலே தூக்கி வைத்தேன். இலக்கணக் கோப்பு மாறியது, பார்சர் புதிதாக கம்பைல் ஆனது, லெக்ஸரின் ஆப்ஜெக்ட் கோப்பு (கம்பைல் ஆகிக் கிடைப்பது) மட்டும் பழையதாகவே கிடந்தது. அது கழித்தலுக்கு 260 அனுப்ப, புதிய பார்சருக்கு 260 என்றால் மீதி. பத்திலிருந்து மூன்றைக் கழித்தால் 1 என்றது! பிழைச் செய்தி எதுவும் இல்லை. இலக்கணத்தில்தான் கோளாறு என்று நினைத்து, முன்னுரிமை வரிகளை மாற்றி மாற்றிப் போட்டு, ஒவ்வொரு விதியிலும் பிரின்ட் வைத்து, இரண்டு நாளைத் தொலைத்தேன். அப்புறம் தற்செயலாக கிளீன் செய்தேன், சரியானது, ஏன் என்று கேட்காமல் தூங்கப் போனேன். இரண்டு மாதம் கழித்து அதே பேய் திரும்பி வந்தது.

மருந்து ஒரே வரி: லெக்ஸர் ஆப்ஜெக்ட் நம்பியிருக்கும் கோப்புகளில் பார்சர் ஹெடரையும் மேக்ஃபைலில் எழுதுங்கள். எது எதை நம்பியிருக்கிறது என்று சி கம்பைலரான ஜிசிசியே கண்டுபிடித்துத் தருமே என்பீர்கள். தரும், ஆனால் ஒருமுறை கம்பைல் ஆன பிறகுதான். முதல் பில்டில், அதுவும் மைனஸ் ஜே போட்டு இணையாக ஓட்டும்போது, ஹெடர் பிறப்பதற்கு முன்பே லெக்ஸர் கம்பைல் ஆகத் தொடங்கி, கோப்பைக் காணோம் என்று நிற்கும். மேக்ஃபைலை எழுதித் தரும் சிமேக் என்றால் இதற்கென்றே ஃப்ளெக்ஸையும் பைசனையும் இணைக்கும் மேக்ரோ இருக்கிறது, அதைக் கூப்பிட மறந்துவிட்டு சிமேக்கைத் திட்டாதீர்கள்.

ஒரே விதியில் இரண்டு கோப்புகள்

பைசன் எழுதித் தரும் சி கோப்பையும் ஹெடரையும் சாதாரண விதி ஒன்றின் இடப்பக்கம் எழுதினால், மேக் அதை இரண்டு தனி விதிகளாகத்தான் படிக்கும். இணையாக ஓட்டினால் பைசன் இருமுறை ஓடி, ஒன்றின் கோப்பை இன்னொன்று மிதிக்கும். குனு மேக் 4.3-இல் இதற்காகவே 'அன்ட்' குறியும் முக்காற்புள்ளியும் சேர்ந்த புதிய குறி வந்தது. ஆப்பிள் கணினியோடு வரும் 3.81-க்கு அது புரியாது, அங்கே சதவீதக் குறி போட்ட பேட்டர்ன் விதி எழுதுங்கள்.

ஜெனரேட் ஆனதை கிட்டில் சேர்ப்பது

மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட், கோப்புகள் மாறிய நேரத்தைச் சேமிப்பதில்லை. மேக் நேரத்தை மட்டுமே பார்க்கிறது. குளோன் செய்தவரிடம், அதாவது பிரதி எடுத்தவரிடம், இலக்கணக் கோப்பு புதியதாகத் தெரிந்தால் மேக் பைசனைக் கூப்பிடும். அவரிடம் பைசன் இல்லையென்றால், சில நாள் பில்ட் ஆகும், சில நாள் ஆகாது.

ஒய்ஒய்ராப் காணோம் என்று லிங்கர் கத்தினால்

லிங்கர் என்பது ஆப்ஜெக்ட் கோப்புகளை ஒட்டுவது, ஒய்ஒய்ராப் என்பது உள்ளீடு முடிந்ததும் லெக்ஸர் கூப்பிடும் ஃபங்ஷன். அது தேவையில்லை என்றால், ஃப்ளெக்ஸ் கோப்பின் தலையில் 'நோ ஒய்ஒய்ராப்' ஆப்ஷன் போடுங்கள். ஒரு வரி.

ஆப்பிள் கணினியின் பைசன்

கூடவே வருவது பழைய 2.3. வேறு போட்டுக்கொள்ளுங்கள்.