பிள்ளைகளுக்கு மறுக்கப் பழக்குவது: டர்பன் ஆசிரியர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஆண்டுக்கொரு முறை போலீஸ்காரரையோ 'ஷுகர்ஸ்' (டர்பனில் புழங்கும் ஹெராயின் கலவை) பழக்கத்திலிருந்து மீண்டவரையோ மேடையேற்றிப் பேசவைப்பதுதான் உங்கள் பள்ளியின் போதைத் தடுப்பு என்றால், அதை விட்டுவிடலாம். பிள்ளைகள் உருகிக் கேட்பார்கள், பழக்கம் மாறாது. ஐ.நா. போதைப்பொருள், குற்றத் தடுப்பு அலுவலகமும் உலக சுகாதார நிறுவனமும் 2018இல் வெளியிட்ட நெறிமுறைகள் இவற்றையும் பயமுறுத்தலையும் பலனில்லாத வழிகள் என்றே சொல்கின்றன. பலன் தருவது, வாரத்துக்கு ஒன்றாக 10 முதல் 15 வகுப்புகள் வரை பிள்ளைகளே செய்துபார்க்கும் பயிற்சி.

லைஃப் ஓரியன்டேஷன் (வாழ்க்கைத் திறன்) பாடவேளையில் ஏழாம் கிரேடோடு தொடங்குங்கள். போதைப்பொருள் பெயர்களை அடுக்க வேண்டாம். எது எப்படியிருக்கும் என்று படம் காட்டுவது ஆர்வத்தைத்தான் கிளப்பும். அந்த வயதில் முதலில் கைக்கு வருவது வேப் (மின்சிகரெட்), ஹப்லி (ஹூக்கா), சிகரெட், மதுதான். ஷுகர்ஸ் பேச்சு பின்னால் வரட்டும்.

நடிப்புப் பயிற்சிதான் இதன் உயிர். நாற்பது நிமிட வகுப்பில் இருபது நிமிடம் அதற்கே ஒதுக்குங்கள். போதையை நீட்டுபவராக ஆசிரியரே நடிக்க வேண்டும். பிள்ளையிடம் விட்டால், வகுப்பிலேயே வாய்த்துடுக்கானவன் அதைப் பிடித்துக்கொள்வான். அவன் சொல்வதற்கெல்லாம் சிரிப்பு வரும், மறுப்பவன் கோமாளியாகிவிடுவான். மறுக்கும் வேலை மட்டும் எல்லாருக்கும் முறைவைத்து வர வேண்டும். மூன்று பேராகப் பிரியுங்கள்: ஒருவர் மறுப்பார், ஒருவர் அவருக்குத் துணைநிற்கும் கூட்டாளி, மூன்றாமவர் கவனிப்பார்.

"ஒரு இழுப்புதான், அண்ணன் சொல்றேன்ல" என்று நீங்கள் நீட்டும்போது "எனக்கு வேணாம்ணா, பிராக்டிஸ் இருக்கு" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்ட வேண்டும். காரணத்தை நீட்டினால் எதிராளிக்கு வாதாட இடம் கிடைக்கும். கவனிப்பவர் பார்ப்பது மூன்று: கண் எங்கே போனது, குரல் இறங்கியதா, கால் நகர்ந்ததா. முதல் சுற்றில் பெரும்பாலும் கால் நகராது. நகரும்வரை திரும்பச் செய்யச் சொல்லுங்கள்.

'எல்லாரும் செய்கிறார்கள்' என்ற நினைப்பை உடைக்க, பெயரில்லாச் சீட்டில் இரண்டு கேள்விகள்: நம் வகுப்பில் எத்தனை பேர் ஹப்லி இழுத்திருப்பார்கள்? நீ இழுத்திருக்கிறாயா? எண்ணும் டிக்கும் மட்டும் போதும், கையெழுத்து காட்டிக்கொடுத்துவிடும். ஊகம் உண்மையைவிடப் பெரும்பாலும் அதிகமாயிருக்கும். ஆனால் முதலில் தனியாக எண்ணிப் பாருங்கள். உண்மை எண்ணிக்கையே பெரிதென்றால் வகுப்பில் சொல்ல வேண்டாம், தலைகீழாகிவிடும்.

ரகசியம் காப்பேன் என்று முழு வாக்குக் கொடுக்காதீர்கள். தென்னாப்பிரிக்காவின் 2005ஆம் ஆண்டு 38ஆம் எண் சிறார் சட்டப்படி, பிள்ளைக்கு நேரும் துன்புறுத்தலை ஆசிரியர் தெரிவித்தே ஆக வேண்டும். இதை முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுங்கள். பள்ளிகள் சட்டத்தின் 8ஏ பிரிவின்கீழ் பள்ளி நடத்தும் சோதனையில் ஒரு பிள்ளை சிக்கினால், அதை வைத்துப் பள்ளியே குற்ற வழக்குத் தொடர முடியாது. பிள்ளையை ஆலோசகரிடம் அனுப்பும் வழியைப் பெற்றோர் கூட்டத்திலேயே பேசி வையுங்கள். பாட்டியிடம் வளரும் பிள்ளை என்றால் பாட்டியையும் அழையுங்கள்.